ஞானஸ்நானத்துக்கு ஏன் ஒரு வருஷம்?

குன்னூர்ப் பக்கம் எங்கள் பங்குக் கோவிலில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் வாசற்படியில் நிறுத்தி, மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் என்னிடம் கேட்பார்கள்: "டீச்சர், நாங்க வேதத்துல சேரணும். ஞானஸ்நானம் எப்பத் தருவீங்க?" கேட்பவர் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் அம்மாவாக இருப்பார். கோவையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பையனாக இருப்பார். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டப்போகிறவராகவும் இருப்பார். "ஒரு வருஷம் ஆகும்" என்றதும் முகம் வாடிவிடும். "சாமி மேல நம்பிக்கை வந்துடுச்சு. இன்னும் எதுக்கு ஒரு வருஷம்?"

நியாயமான கேள்வி. வருகிறவரைத் தள்ளிப்போடுவதற்காகச் சொல்லும் கணக்கு இல்லை அது. அந்த வருஷத்துக்குள் என்ன நடக்கிறது, அதை ஏன் சுருக்கக் கூடாது என்று என்னால் முடிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதே இங்கேதான். பாட்டிமார் ஞானஸ்நானம் என்பார்கள், புத்தகத்தில் திருமுழுக்கு என்று இருக்கும். பூசை என்பதும் திருப்பலி என்பதும் ஒன்று. குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் இப்போது ஒப்புரவு. நன்மை வாங்குவது என்றால் பூசையில் அப்ப வடிவில் தரும் நற்கருணையைப் பெறுவது. எந்தச் சொல்லைச் சொன்னாலும் தப்பில்லை. நானே இரண்டையும் கலந்துதான் பேசுவேன்.

சொல்லிக்கொடுக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி. 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவ மக்கள் சில வருஷங்களுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று அவர் கடிதத்தில் எழுதினார். குற்றம் அந்த மக்களுடையது அல்ல. தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனவர்களுடையது. சவேரியார் தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து செபங்களைத் தமிழில் எழுதவைத்தார், கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார், ஊர்களில் சொல்லிக்கொடுக்க ஆட்களை நியமித்தார். கணக்கப்பிள்ளை என்ற நம் சொல் அவர் கடிதங்களிலேயே வருகிறது. பின்னால் உபதேசியார் என்று நாம் கூப்பிட்டவர்கள் அந்த வழியில் வந்தவர்களே.

நம் நீலகிரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1603-இல் ஃபெனிசியோ என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு மலையாளக் கரையிலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்தார். மலைமேல் ஒரு காலத்தில் கிறிஸ்தவர்களாக இருந்து, கவனிக்க ஆளில்லாமல் வேதத்தை மறந்துபோன மக்கள் இருக்கிறார்கள் என்று கீழே ஒரு பேச்சு இருந்தது. அதை விசாரித்துவரத்தான் அவரை அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எருமைகளோடும் தங்களுக்கே உரிய வழிபாட்டோடும் வாழ்ந்த தோடர்களைக் கண்டார், படுகரையும் கண்டார். மறந்துபோன கிறிஸ்தவர்கள் யாரும் இல்லை. பேச்சு பொய்தான். ஆனால் அந்தப் பேச்சுக்குள் இருந்த பயம் நிஜமானது. சொல்லிக்கொடுக்காத விசுவாசம் ஒன்றிரண்டு தலைமுறையில் வற்றிவிடும்.

ஆதித் திருச்சபைக்கும் இந்தப் பயம் இருந்தது. உரோமையில் மூன்று வருஷம் கேட்டுப் படித்த பிறகே திருமுழுக்கு என்று ஒரு பழைய ஒழுங்கு நூல் சொல்கிறது. பிறகு குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதே வழக்கமாகிவிட, பெரியவர்களுக்கான பயிற்சி தேய்ந்தது. உலகெங்குமிருந்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் அதை மீண்டும் கொண்டுவரச் சொன்னது. 1972-இல் அதற்கான சடங்குமுறை வெளிவந்தது. இன்று எங்கள் பங்கில் நடப்பதும், மணிலாவிலோ நைரோபியிலோ நடப்பதும் அதே வரிசைதான்.

யாருக்கு இந்தப் பாதை?

திருமுழுக்குப் பெறாதவருக்கு மட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் மலையில் சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்த சபையினர் ஏராளம். உதகையில் புனித ஸ்தேவான் ஆலயத்தையோ கேத்தியின் பழைய மிஷன் வரலாற்றையோ தெரியாதவர் இல்லை. அங்கே தண்ணீராலும், தந்தை மகன் தூய ஆவி என்ற பெயராலும் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் கத்தோலிக்கராக விரும்பினால் மறுபடி ஞானஸ்நானம் கிடையாது. கொடுக்கவும் கூடாது. அது ஒருமுறைதான். அவர் தேவையான அளவு படித்து, ஒப்புரவு செய்து, விசுவாசத்தை அறிக்கையிட்டு, எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று முழு ஒன்றிப்புக்குள் வருகிறார். அவரை "மதம் மாறியவர்" என்று அழைப்பதுகூடச் சரியில்லை, அவர் முன்பே கிறிஸ்தவர். கூடலூர்ப் பக்கம் ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை இன்னும் குறைவு, அவர்களுடைய உறுதிபூசுதலையும் திருச்சபை ஏற்கிறது. இயேசுவின் நாமத்தில் மட்டும் கொடுக்கும் சில சபைகளின் ஞானஸ்நானம் ஏற்கப்படுவதில்லை.

எதை நம்ப வேண்டும்?

முழுவதையும் இங்கே சொல்லிவிட முடியாது. ஆனால் மையம் சிறியது. கடவுள் ஒருவர், தந்தை மகன் தூய ஆவி என்று மூன்று ஆட்களாக இருப்பவர். மகன் மனிதரானார், சிலுவையில் இறந்தார், மூன்றாம் நாள் உடலோடு உயிர்த்தார். அவர் தொடங்கிய திருச்சபை திருத்தூதர் வழிவந்த ஆயர்களோடும் திருத்தந்தையோடும் இன்றும் இருக்கிறது. இறந்தோர் உயிர்ப்பர். திருப்பலியில் நாம் சொல்லும் விசுவாச அறிக்கை 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்களிலிருந்து வருகிறது. அதை வரிவரியாகப் பிரித்துப் படிப்பதுதான் எங்கள் வகுப்பில் பாதி வேலை. மீதிப் பாதி திருமுழுக்கு, நற்கருணை போன்ற ஏழு அருளடையாளங்கள், பத்துக் கட்டளைகள், செபம்.

மாதாவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. உதகைக்கும் குன்னூருக்கும் போகிற வழியில் மாதா சிலை வைத்த கெபிகளைப் பார்த்துவிட்டு, "மாதாவும் சாமிதானே?" என்பார்கள். இல்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும். மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் செலுத்துகிறோம், நமக்காக மன்றாடச் சொல்கிறோம். மங்கள வார்த்தை செபத்தின் கடைசி வரியைக் கவனித்தால் போதும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் இருக்கிறது. உதகையில் காந்தல் குருசடி என்ற சிலுவைத் திருத்தலத்தில், இயேசு தொங்கிய திருச்சிலுவையின் ஒரு சிறு துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே முழங்காலில் நிற்பவர் மரத்தைக் கும்பிடவில்லை, அதில் தொங்கியவரை நினைத்து நிற்கிறார். இந்த வித்தியாசத்தை முதல் மாதத்திலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது. தெளியாமல் போனால் பின்னால் யாராவது ஒரு வார்த்தை சொன்னாலும் ஆடிப்போவார்கள்.

வேதாகமம் வாங்கும்போதும் குழப்பம் வரும். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளின் விவிலியத்தில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்கள் அதில் இருக்காது. 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு தமிழில் படிக்க எளிது. முதலில் மாற்கு நற்செய்தியைக் கொடுப்பேன். நான்கில் சிறியது அதுதான். இரண்டு மூன்று மணி நேரத்தில் வாசித்துவிடலாம்.

இவை எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுப்பது நற்கருணை. அப்பமும் இரசமும் இயேசுவின் உடலும் இரத்தமுமாக உண்மையிலேயே மாறுகின்றன, பார்வைக்கும் சுவைக்கும் மட்டும் பழையபடி இருக்கின்றன என்று கத்தோலிக்கர் நம்புகிறோம். நினைவுச் சின்னம் என்றோ அடையாளம் என்றோ சொல்லி நிறுத்துவதில்லை. யோவான் நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் இயேசு இதைச் சொன்னபோது கூட இருந்த சீடர்களில் பலர் ஏற்க முடியாமல் விட்டுப் போனார்கள். அவர் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, நான் வேறு அர்த்தத்தில் சொன்னேன் என்று சமாளிக்கவில்லை. அந்த அதிகாரத்தை வகுப்பில் வாசிக்கும் நாளில் நான் விளக்கம் அதிகம் கொடுப்பதில்லை. வாசித்துவிட்டுச் சும்மா இருப்போம்.

இதனால்தான் திருமுழுக்குப் பெறாதவருக்கு நன்மை கொடுப்பதில்லை. ஒரு வருஷம் முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் எல்லோரும் வரிசையில் எழுந்து போகும்போது பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். அப்படிப் பசியோடு உட்கார்ந்திருந்தவர் கடைசியில் நன்மை வாங்கும்போது அவர் கை நடுங்கும். பிறவிக் கத்தோலிக்கர்களாகிய எங்கள் கைகள் எப்போதோ நடுங்குவதை நிறுத்திவிட்டன. அவர்களைப் பார்த்துத்தான் நான் திருந்திக்கொள்கிறேன்.

அந்த வருஷம் எப்படிப் போகிறது?

தொடக்கம் விசாரிக்கும் காலம். பெயர் எழுதுவதில்லை, வாக்குக் கேட்பதில்லை. வரலாம், கேட்கலாம், போகலாம். திருப்பலிக்கு வந்து பின் பெஞ்சில் உட்காரலாம். எப்போது முழங்காலிடுவது என்று தெரியாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவர் இருக்கும் எஸ்டேட் வீட்டு வரிசையான லைனிலேயே அன்பியக் கூட்டம் நடந்தால் அங்கும் போகச் சொல்வேன். பத்துப் பேர் ஒரு வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, விவிலியம் வாசித்து, யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிச் செபிப்பதைப் பார்த்தால் திருச்சபை என்றால் என்ன என்று என் வகுப்பைவிட நன்றாகப் புரியும்.

மனம் உறுதியானதும், திருமுழுக்குக்குத் தயாராகும் புகுமுக நிலைக்குள் ஏற்கும் சடங்கு. கோவில் வாசலில் குருவானவர் அவர் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவார். காதுகள், கண்கள், உதடுகள், நெஞ்சு, தோள்கள் என்று ஒவ்வொன்றிலும் வரைவதுண்டு. அந்த நிமிஷத்திலிருந்து அவர் திருச்சபையின் வீட்டு ஆள். இது பலருக்கும் தெரியாது: திருமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துபோனால் அவருக்குக் கிறிஸ்தவ அடக்கம் உண்டு. ஏங்கிக் காத்திருந்த அந்த ஆசையே அவருக்கு மீட்புத் தரும் என்று திருச்சபை கற்பிக்கிறது. காத்திருப்பு வீண்போவதில்லை என்பதற்கு இதைவிட என்ன உறுதி வேண்டும்?

பிறகு மாதக்கணக்கில் மறைக்கல்வி. அடுத்தது உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய தவக்காலம். முதல் ஞாயிறன்று, முடிந்தால் ஆயர் முன்னிலையில், பெயரைப் பதிவேட்டில் எழுதுவார்கள். எங்களுக்கு ஆயர் இருப்பது உதகையில். 1955-இல் மைசூரிலிருந்து பிரிந்து உதகை மறைமாவட்டம் உருவானது. நம் பெயரை நாமே எழுதும் அந்தக் கணத்தில் பெரியவர்கள்கூடப் பேனாவை இறுக்கிப் பிடிப்பார்கள்.

தவக்காலத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. தன்னைத் தானே ஆராய்ந்து பார்க்கும் சடங்குகள் அன்று நடக்கும். யோவான் நற்செய்தியிலிருந்து மூன்று வாசகங்கள். முதலாவது, கிணற்றடியில் சமாரியப் பெண். நடுப்பகலில் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தவளிடம் இயேசு தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். லைன் வீட்டுப் பொதுக் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதே இல்லை. யார் யாரோடு பேசமாட்டார்கள், யார் குடத்தை யார் தொடக்கூடாது என்பார்கள் என்றெல்லாம் அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். சாதி பார்த்துத் தண்ணீர் கொடுத்த வலி அதில் இருந்தது. கோவிலுக்குள்ளும் சில ஊர்களில் சாதி நுழைந்திருக்கிறது, அது பாவம். புதிதாக வருகிறவரிடம் நான் அதை மறைப்பதில்லை. அடுத்த ஞாயிறு பிறவியிலேயே பார்வையற்றவர், அதற்கடுத்தது இறந்து நான்கு நாளான இலாசர். தாகம், இருட்டு, சாவு. திருமுழுக்குக்கு முன் திருச்சபை நம்மை இந்த மூன்றின் முன்னாலும் நிறுத்துகிறது.

தயங்கித் தயங்கிக் கேட்பவை

கல்யாணத்துக்காக மாற வேண்டுமா? வேண்டாம். திருமுழுக்குப் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் கோவிலில் மணக்க ஆயரிடம் விதிவிலக்குப் பெற வழி இருக்கிறது. கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும். மற்றவருக்கு அதைத் தெரிவித்தால் போதும். ஒரு இடத்தில் கல்யாணத் தேதிக்காக மூன்றே வாரத்தில் ஒரு பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண் என்னிடம் வந்து, "நான் எதுக்கு ஆமான்னு சொன்னேன்னே எனக்குத் தெரியலை டீச்சர்" என்று அழுதார். அந்த அழுகைக்குப் பிறகு நான் யாருக்காகவும் வகுப்பைச் சுருக்கியதில்லை.

பெயர் மாற்ற வேண்டுமா? கட்டாயமில்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். அமுதாவும் செல்வமும் அதே பெயரோடு இருக்கலாம். விரும்பிப் புனிதர் பெயர் எடுப்பவர்களும் உண்டு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டப் பிள்ளை, இலாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் ஆனார். கடவுள் துணை என்று பொருள். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தவர் குரு அல்ல, டிலனாய் என்ற படைத் தளபதி, ஒரு பொதுநிலையினர். துன்பத்தில் இருந்தவரிடம் யோபுவின் கதையைச் சொன்னாராம். இன்றும் பெரும்பாலானோர் வருவது இப்படி ஒரு நண்பர் சொன்ன கதையால்தான்.

பொட்டு, பூ, தாலி? எதற்கும் தடையில்லை. சிலுவை பொறித்த தாலி எங்கள் பெண்கள் கழுத்தில் பார்த்திருப்பீர்கள். ஊர்ப் பண்டிகைக்குப் போகலாமா என்று படுகர் வீட்டுப் பையன் ஒருவன் கேட்டான். அம்மா அப்பாவோடு இரு, சாப்பிடு, வந்தவர்களைக் கவனி, வழிபாட்டில் மட்டும் உன் மனம் ஒப்பாததைச் செய்யாதே என்றேன். அந்த வழிபாட்டை மட்டமாகப் பேசவும் கூடாது. மற்ற மதங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொல்லியிருக்கிறது. பெற்றோரை வெறுத்துவிட்டு வருகிறவரை நான் முதலில் வீட்டுக்குத்தான் திருப்பி அனுப்புவேன்.

சான்றிதழ் விஷயத்தையும் மறைக்கக் கூடாது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. கிறிஸ்தவரானால் அது போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது அநியாயம் என்று திருச்சபை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது, ஆனால் இன்றைக்குச் சட்டம் இதுதான். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு இல்லை. பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் தொடும் விஷயம் என்பதால், வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொல்வேன்.

பணம், வேலை, பள்ளியில் இடம் என்று எதையாவது காட்டி ஒருவரைக் கூப்பிடுவதைத் திருச்சபையே தடுக்கிறது. மனச்சாட்சிக்கு எதிராக யாரையும் கத்தோலிக்க விசுவாசத்துக்குள் கட்டாயப்படுத்த ஒருவருக்கும் உரிமையில்லை என்பது திருச்சபைச் சட்டத்தின் 748-ஆம் பிரிவு. பாதி வழியில் "எனக்கு இது வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், டீ போட்டுக் கொடுத்து அனுப்புவேன். தெருவில் பார்த்தால் பழையபடி பேசுவேன்.

அந்த இரவு

பாஸ்கா திருவிழிப்பு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு. கோவிலுக்கு வெளியே தீ மூட்டுவோம். பங்குனி சித்திரையானாலும் மலையில் இரவுக் காற்று குளிரும், சில வருஷம் கோடை மழை தூறித் தீயை அணைக்கப் பார்க்கும். பாஸ்காத் திரி என்ற பெரிய மெழுகுவர்த்தியில் அந்த வருஷத்து எண்களைக் குறித்து, முதலும் முடிவுமான கிரேக்க எழுத்துகளைக் காட்டி, அதை ஏற்றி இருட்டுக் கோவிலுக்குள் போவோம். திருவிவிலியத் தமிழில் அது "அகரமும் னகரமும்". நம் நெடுங்கணக்கின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும். உலகப் படைப்பிலிருந்து வாசகங்கள் தொடங்கும். செங்கடலைக் கடக்கும் வாசகத்தை மட்டும் எந்த நெருக்கடியிலும் விடக் கூடாது.

பிறகு தீமையை விட்டுவிடுகிறேன் என்ற வாக்கு, விசுவாச அறிக்கை, தலையில் மூன்று முறை தண்ணீர். வெள்ளாடை. கையில் பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தி. நெற்றியில் கிறிஸ்மா எண்ணெயால் உறுதிபூசுதல். அதே திருப்பலியில் முதல் நன்மை. மூன்று புகுமுக அருளடையாளங்களும் ஒரே இரவில். அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா என்று பயந்து கேட்பார்கள். வேண்டாம், அதுவரையிலான எல்லாப் பாவத்தையும் திருமுழுக்கே கழுவிவிடுகிறது.

அதோடு முடிந்ததென்று பங்கு நினைத்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அந்த இரவில் கைகுலுக்கியவர்கள் அடுத்த வாரம் பெயரை மறந்துவிடுவார்கள். உயிர்ப்பிலிருந்து பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள், புதியவரைக் கூடவே வைத்து, அவர் பெற்றது என்னவென்று மெல்ல மெல்லப் புரியவைக்கும் காலம். ஞானப்பெற்றோரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. பதினாறு வயது நிரம்பி, உறுதிபூசுதல் பெற்று, விசுவாசத்துக்கு ஏற்ப வாழும் கத்தோலிக்கர் அதற்கு வேண்டும். பணக்காரரையோ தலைவரையோ தேடாதீர்கள், உங்கள் லைனிலேயே இருப்பவரைத் தேடுங்கள் என்பேன்.

எங்கள் பங்கில் ஒரு ஞானத்தாய் இருக்கிறார், எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெந்தகோஸ்து தாண்டி மழை பிடித்த ஒரு திங்கட்கிழமை, குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டு லைனுக்கு ஏறிப் போய், தன் ஞானமகள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். "நேத்து ஏன்டி பூசைக்கு வரலை? காய்ச்சலா?" காய்ச்சல்தான். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, நனைந்தபடியே இறங்கி வந்தார்.